சுவருக்கு ஒரு மெத்தை

மெத்தைக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் மெத்தை தைக்கிறவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிழிந்ததைக் கொண்டுவந்து போடுவார்கள், தைத்ததை அமுக்கிப் பார்ப்பார்கள், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "நான் தைச்சதுல தெருவே தூங்குது, எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் ஆள் இல்லை.

வயது ஐம்பத்தெட்டு. ஒரே மகள், அவளும் தூர தேசத்தில். இரண்டே அறை. பின்னறையில் சமையலும் படுக்கையும். முன்னறையில் வேலை. அங்கே ஒரு நீளப் பலகை, காலால் மிதிக்கிற தையல் மெஷின், மூலையில் கூரையை முட்டுகிற பஞ்சு மூட்டைகள், ஒரு டப்பா நிறைய ஊசி. எந்த நேரமும் ஒரு ஊசி அவள் ரவிக்கைத் தோளில் நூலோடு குத்தியிருக்கும். அறையில் எதைத் தொட்டாலும் பஞ்சு ஒட்டும். காபியில்கூட ஒரு இழை மிதக்கும். அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பாள்.

புருஷன் இருந்தவரை வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. அவர் பஞ்சை அடைப்பார், அவள் மெத்தையின் வாயைத் தைப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மணி நாலு இருக்கும், தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பலகைமேல் சாய்ந்துவிட்டார். கையில் எடுத்த பஞ்சு கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை நாலு மணியானால் அவள் வேலையை நிறுத்திவிடுவாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, கண்ணை மூடிக் கடவுளிடம் அவருக்காக வேண்டிக்கொண்டு உட்காருவாள். மற்ற நேரத்தையெல்லாம் எப்படியோ தள்ளிவிடலாம். அந்த நாலு மணியைத்தான் தள்ள முடியாது. அது நகராது.

பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு நீளக் கூடம். முன்பு காகிதக் கிடங்காக இருந்தது. போன வருஷம் அதை நாலு பேர் வாடகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டுக் குழு. சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அவரவருக்கு அவரவர் பிழைப்பு. கிடார் வாசிக்கிறவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். டிரம்ஸ் அடிக்கிறவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கீபோர்டுக்காரர் தபால்காரர். ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தன் வாயால் ஒரு சேதி சொல்லமாட்டார். பாடுகிறவள் மருந்துக்கடையில் நிற்கிற பெண். நாலு பேரிலும் சின்னவள் அவள்தான், அதிகாரமும் அவளுடையதுதான்.

வந்த முதல் சனிக்கிழமையே சண்டை. இவள் கண்ணை மூடி உட்கார்ந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"செத்துப்போன மனுஷனுக்காக ஒருத்தி வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க தகரத்தைப் போட்டு அடிக்கிறீங்களே. உங்களுக்கெல்லாம் தாய் தகப்பன் கிடையாதா?"

மெக்கானிக் இரண்டு குச்சியையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றான். மருந்துக்கடைப் பெண்தான் முன்னால் வந்தாள். "தெரியாதுக்கா. மன்னிச்சிடுங்க. இனிமே நாலுல இருந்து நாலரை வரைக்கும் ஒரு சத்தம் வராது" என்றாள்.

சொன்னபடியே செய்தார்கள். மூன்று மணிக்கு ஆரம்பிப்பார்கள், நாலு அடித்ததும் தண்ணீரை ஊற்றின மாதிரி அணைந்துவிடும். நாலரைக்கு மறுபடியும் மூளும். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஆனால் மனுஷ மனசு ஒரே இடத்தில் நிற்குமா? இரண்டு மாதம் போவதற்குள் அவளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. நாலு மாதத்தில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. அதை அவள் தனக்குத்தானேகூட ஒத்துக்கொள்ளவில்லை.

பாட்டு என்றால் ரேடியோவில் வருகிற மாதிரி முழுசாகப் பிறந்து வருவது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். இவர்களுடையது அப்படி இல்லை. இரண்டு வரி போகும், நிற்கும். யாரோ ஏதோ சொல்வார்கள். அதே இரண்டு வரி மறுபடியும். அதே இடத்தில் நிற்கும். முப்பது தடவை, நாற்பது தடவை. முதலில் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டாள். அப்புறம் ஒருநாள், சுருக்கம் விழுந்த ஒரு மெத்தை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. அட, இவங்களும் பிரிச்சுத்தானே தைக்கிறாங்க என்று தோன்றியது. தெரியாதவன் பிரிக்கமாட்டான், சுருக்கத்தோடேயே கொடுத்து அனுப்பிவிடுவான். அன்றிலிருந்து அவளுக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எந்த இடத்தில் மெக்கானிக் முந்திக்கொள்வான், எந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பற்றாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "தம்பி, பொறு, பொறு" என்று மெஷினை மிதித்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் பொறுத்துவிட்டால் "அப்படித்தான்" என்பாள். மூன்று வருஷமாக அந்த அறையில் அவள் வேறு யாரிடமும் இப்படிப் பேசியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், கடவுள் மன்னிக்கட்டும். அவளுடைய பிரார்த்தனை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி இருபது நிமிஷம் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போய், "முடிச்சிட்டேன், ஆரம்பிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வது? தாய் தகப்பனை இழுத்துத் திட்டிய வாய் அல்லவா.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைப் பெண்ணும் மெக்கானிக்கும் அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு வேலை" என்றாள் அந்தப் பெண்.

"உட்காரு கண்ணு. மெத்தையா, தலையணையா?"

"மெத்தைதான். ஆனா படுக்க இல்ல. சுவருக்கு."

"சுவருக்கு என்னடி மெத்தை? அதுக்கும் முதுகு வலியா?"

மெக்கானிக் சிரித்தான். "முதுகு வலி உங்களுக்குத்தான்க்கா, எங்களால. ஒரு வருஷமா உங்களை நிம்மதியா ஒரு நாள் விட்டோமா? சுவர் பூரா கனமா மெத்தை மாட்டிட்டா ஒரு பொட்டுச் சத்தம் இந்தப் பக்கம் வராதாம். இவ எங்கேயோ பாத்துட்டு வந்திருக்கா."

"எங்களுக்கு ரொம்ப நாளா உறுத்தல்க்கா. நீங்க அன்னைக்கு வந்து நின்ன முகம் என் கண்ணுலயே இருக்கு. அதான் முதல்ல இந்தப் பக்கத்துச் சுவருக்கு" என்றாள் அந்தப் பெண்.

மெத்தைக்காரம்மா பலகைமேல் கிடந்த சாக்கட்டியை எடுத்தாள், வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால்? எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை, நீங்கள் தப்பாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் நான் சனிக்கிழமையைக் கடக்கிறேன் என்று வாசலில் நிற்கிற இரண்டு பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

"அளவு எடுக்கணும்" என்றாள். அதுதான் வாயில் வந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டேப்பும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். அதுவரை கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. கூடத்தில் இன்னும் காகித வாசனை இருந்தது. தரையெல்லாம் வயர் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. நாலு பேரும் வட்டமாக, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற மாதிரி இருந்தார்கள். மேடையில் நிற்கிற மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நாங்க எங்க வேலையைப் பாக்குறோம். நீங்க அளந்துக்கோங்கக்கா" என்றார் டிராயிங் மாஸ்டர்.

அவள் சுவரோரமாக அளந்துகொண்டே போனாள். அளந்ததை விட நின்றதுதான் அதிகம். மூன்று வாரமாக அவர்கள் ஒரே பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். நடுவில் கிடார் மட்டும் தனியாக, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிற மாதிரி ஒரு துண்டு வாசிக்கும். அவளுக்கு அது உயிர். மெஷினை மிதிப்பதே அந்த ஓட்டத்துக்குத்தான். ஆனால் அது முடிந்து பாட்டை எடுக்கும்போது அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் இடறுவாள். இப்போது அதை நேரில் பார்த்தாள். இடறும்போது அந்தப் பெண் வலது காலை லேசாகத் தரையில் உதைத்துக்கொண்டாள். தன் வீட்டுச் சுவர் வழியாக அது தெரிந்ததே இல்லை.

பதினோரு தடவை ஆயிற்று. மெக்கானிக்கை அந்த இடத்தில் டிரம்ஸ் அடிக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

"அப்ப எனக்கு என்ன வேலை? விசிறி வீசவா?" என்றான் அவன்.

"வீசு. வேர்க்குது" என்றாள் அந்தப் பெண்.

தபால்காரர் ஒன்றும் பேசாமல் வேறு மாதிரி இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அதுவும் சரிவரவில்லை. டிராயிங் மாஸ்டர் கிடாரை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டார்.

"அந்தத் துண்டை எடுத்துடலாம்" என்றார்.

"எந்தத் துண்டை?"

"நான் வாசிக்கிறதைத்தான். அது வேண்டாம். நேரா பாட்டுக்குப் போயிடு."

மெக்கானிக் குச்சியைக் கீழே வைத்தான். "மூணு வாரம் மண்டையை உடைச்சோமேய்யா."

"மூணு வாரம் உடைச்சதாலதான் வேண்டாம்னு தெரிஞ்சுது. முதல் நாளே எடுத்திருந்தா சந்தேகமாவே இருந்திருக்கும்."

அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தடவை போனார்கள். அந்தப் பெண் இடறவில்லை. கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, நாலு முகத்திலும் ஒரே நேரத்தில் அது வந்து உட்கார்ந்தது. தன் துண்டைத் தானே வெட்டிப் போட்டவர் முகத்தில்தான் சந்தோஷம் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் சுவர் வழியாகப் பாதிதான் வந்திருக்கிறது. அந்த மௌனம் வந்ததே இல்லை.

"அப்ப அது அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள்.

நாலு பேரும் திரும்பினார்கள். "எது அக்கா?"

"அதான் கண்ணு, அந்த இறங்கி வர்றது. படி மாதிரி."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது உங்களுக்கு அவ்வளவு தெளிவாவா கேக்குது?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாவம்யா அக்கா. நாம பிழை பிழையா வாசிச்சதெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம் ஆயிருக்கு. மனுஷியா இருக்கப்போய்ப் பொறுத்துக்கிட்டாங்க. அக்கா, சீக்கிரம் தைச்சுடுங்க. உங்க பொறுமைக்கு ஒரு கும்பிடு."

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "பதினாலு மெத்தை வேணும். கதவுக்கு ஒண்ணு தனியா" என்றாள்.

தைக்க உட்கார்ந்ததும்தான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. மேலே கனத்த துணி, உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? பஞ்சைப் பாதியாகக் குறைத்துவிட்டால் போதும். பார்க்க மெத்தையாக இருக்கும், சத்தமும் வரும். அவர்களுக்கும் உறுத்தல் தீரும், அவளுக்கும் சனிக்கிழமை மிஞ்சும். யாருக்கு நஷ்டம்?

முதல் மெத்தையை அப்படித்தான் தைத்தாள். தைத்து முடித்துத் தூக்கினால், அது கையில் கனக்கவே இல்லை. பலகைமேல் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனாள், கண்ணை மூடி உட்கார்ந்தாள். வேண்டிக்கொள்ள ஒரு வார்த்தையும் வரவில்லை. பொய்யாக அடைத்த பையைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு கடவுளிடம் என்னத்தைக் கேட்பது? எழுந்து வந்து, வாய்த்தையல் முழுக்கப் பிரித்தாள். பழைய, கெட்டியான பஞ்சுதான் சத்தத்தைப் பிடிக்கும் என்று கை சொன்னது. கட்டிப் பஞ்சாகப் பார்த்து எடுத்து, புருஷன் அடைக்கிற மாதிரி முழங்காலால் அமுக்கி அமுக்கி அடைத்தாள். உள்ளே பஞ்சு சரியாமல் இருக்கச் சாணுக்கு ஒரு குத்துத் தையல் போட்டாள். பதினைந்தையும் அப்படியே தைத்தாள். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக் லீவு போட்டுவிட்டு வந்து ஏணி வைத்து மாட்டினான். மாட்டி முடித்ததும் நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கைதட்டினான். தட்டின கையையே சந்தேகமாகப் பார்த்தான்.

"அக்கா, தட்டினேனா இல்லையான்னே தெரியல. மந்திரம் போட்ட மாதிரி இருக்கு."

"மந்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல. பஞ்சுதான்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. சுவர் வெறும் சுவராக இருந்தது. மெஷினை மிதித்தாள். மெஷின் சத்தம் மட்டும் இத்தனை பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மறு சனிக்கிழமையும் அப்படித்தான். அன்றைக்கு மகள் போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, பின்னாடி உன் கச்சேரியைக் காணோம்?"

"நிறுத்திட்டாங்க."

"அப்பாடா. இனிமேலாவது நீ நிம்மதியா இரு."

"ஆமா" என்றாள். அதன் பிறகு பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவரை போனில் பாதி நேரம் அந்த நாலு பேரைப் பற்றிய பேச்சில்தான் ஓடியிருக்கிறது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலையிலிருந்தே அவள் ஒரு பேச்சைக் கட்டத் தொடங்கினாள். காய் நறுக்கும்போதும் கட்டினாள், துணி வெட்டும்போதும் கட்டினாள். 'உங்க சத்தம் எனக்குத் தொந்தரவு இல்ல கண்ணு. என் பக்கத்துச் சுவர்ல இருக்கிறதை மட்டும் கழட்டிடுங்க. ஏன்னா...' அந்த 'ஏன்னா'வில் வந்து நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அதே இடம். கடைசியில் 'ஏன்னா'வையே எடுத்துவிட்டாள். கழட்டிடுங்க என்பதோடு போதும், காரணம் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றரைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். தட்டியது அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? தானே இழுத்துத் திறந்தாள்.

உள்ளே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, ஒரு சொல்லையே பிய்த்துப் பிய்த்து, ஒரு தடவை நாய் மாதிரி, ஒரு தடவை குழந்தை அழுகிற மாதிரி. ஒரு வருஷம் கேட்டதில் இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. ஆளைப் பார்த்ததும் அந்தப் பெண் சட்டென்று நிறுத்திவிட்டு, முகம் சிவக்கச் சிரித்தாள்.

"ஐயோ, கேட்டுட்டீங்களாக்கா? அசிங்கமா இருந்துதா?"

"இல்ல கண்ணு. புதுசா இருந்துது."

"உங்களுக்கு நான் காலம் பூரா நன்றி சொல்லணும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு வருஷமா நான் பாதித் தொண்டையிலதான் பாடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க உட்கார்ந்திருக்கீங்கங்கிற நினைப்பு இருந்துட்டே இருக்கும். தப்பு வந்துடுமோ, வந்துடுமோன்னு. தப்பைப் பூரா வெளிய எடுத்துப் போட்டுப் பாத்தாத்தானே எது நல்லதுன்னு தெரியும்? இப்பதான் பயமில்லாமத் தப்பு பண்றேன்."

"பண்றா, பண்றா. மூணு வாரமா தப்பைத் தவிர வேற ஒண்ணும் பண்ணல" என்றான் மெக்கானிக்.

"ஆனா வருது" என்றார் தபால்காரர்.

அவர் பேசியதே அதிசயம் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

டிராயிங் மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கக்கா. என்ன விஷயமா வந்தீங்க?"

காலையிலிருந்து கட்டிய பேச்சு அவள் வாயில் முழுசாகத் தயாராக இருந்தது. சுவரைப் பார்த்தாள். அவள் பக்கத்துச் சுவரில் ஏழு மெத்தையும் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றன.

"ஒண்ணுமில்ல. புதுத் துணி, இழுத்துக்கும். ஓரத்துல எங்கேயாவது தையல் விட்டிருக்கான்னு பாக்க வந்தேன்."

"அதுக்கென்னக்கா, பாருங்க."

ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடமும் விடவில்லை. அவள் தைத்தது எப்படி விடும்? கடைசி மெத்தையின் கீழ் மூலையில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். பல்லால் இரண்டு தையலைக் கடித்து அறுத்தாள். தோளிலிருந்து ஊசியை உருவினாள். கடவுள் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், இருக்கட்டும், இது ஒரு சின்னப் பொய்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மெல்லத் தைத்தாள், ஒருவேளை மறந்துபோய் ஆரம்பித்துவிடுவார்களோ என்று. யாரோ தண்ணீர் குடித்தார்கள். கிடாரில் ஒரு கம்பியை யாரோ விரலால் தொட்டுவிட்டு, தொட்டதை அடக்கினார்கள். மெக்கானிக் காலை மாற்றிப் போட்டான். அவள் எழுந்து போகக் காத்திருக்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள், நாள் பூரா வேண்டுமானாலும் காத்திருப்பார்கள்.

இரண்டு தையல் போட வேண்டிய இடத்தில் நாலு போட்டாள். முடிச்சுப் போட்டு நூலை அறுத்தாள்.

"ஆச்சு. நீங்க பாடுங்க கண்ணு" என்றாள்.

"டீ சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

"நேரமாச்சு."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவுக்கும் அவள்தானே மெத்தை தைத்திருந்தாள், கனத்தில் அது முழுசாகப் பதியாமல் விரல்கடை அளவுக்கு இடைவெளி விட்டு நின்றது. அதன் வழியாக அந்தப் பெண் தொண்டையைச் செருமுவது கேட்டது. மெத்தைக்காரம்மா கொஞ்ச நேரம் கதவில் கை வைத்தபடி நின்றாள். அந்தப் பெண் பாடத் தொடங்கவில்லை. இடைவெளியை அவளும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

மெத்தைக்காரம்மா தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். கதவு பொருந்தி உட்கார்ந்தது.